நகையும் நம் பழைய குறும்படங்களும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகை பிறக்கும் நிலைக்களன்கள் என்றும் அவர் வகுத்துரைத்தார். இத்துணைச் சிறப்புடைய நகையை நம் திறனாய்வாளர் போதிய அளவு போற்றினாரல்லர். அதிலும், தமிழ்ப் பேசும் படத்தின் தொடக்கக் காலத்தில் எழுந்த நகைச்சுவைக் குறும்படங்களைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. அவற்றைத் தேடிக் காண்பதும் துய்ப்பதும் எவ்வாறு என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டு திரைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து புராணப் படங்கள் பெருகின. அவற்றினிடையே, மூலக் கதையோடு பெரிதும் ஒட்டாத நகைச்சுவைப் பகுதிகளைத் தனியே எழுதிப் படமாக்கிச் சேர்க்கும் வழக்கம் உண்டாயிற்று. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தமக்குரிய பகுதிகளைத் தாமே அமைத்துக்கொண்டவர். தனித்து நிற்கும் சிறு நகைச்சுவைப் படங்களும் தோன்றின. 1939இல் வெளிவந்த 'சிரிக்காதே' அத்தகைய சிறு படங்கள் பலவற்றைக் கோத்தமைத்ததாகும். 1941இல் வந்த 'சந்திரஹரி', பம்மல் சம்பந்த முதலியாரின் நகைச்சுவை நாடகத்தைத் தழுவியது; கலைவாணர் நடித்தது.

'சந்திரஹரி' என்னும் பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஏட்டிலன்று. கெடா மாநிலத்து இரப்பர்த் தோட்டமொன்றின் திடலில். திங்களுக்கொரு முறை அங்கே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவர். லயத்து மக்கள் பாயோடும் பிள்ளைகளோடும் முன்னிரவிலேயே வந்து இடம் பிடிப்பர். படச்சுருளை மாற்றும் இடைவேளைகளில் என் பாட்டனார் தாம் இளமையில் கண்ட படங்களைச் சொல்லுவார். "அரிச்சந்திரன் உண்மையே பேசுவான், இவன் பொய்யே பேசுவான். அதப் பாத்து வயிறு வலிக்கச் சிரிச்சோம்டா" என்று கூறித் தாமும் சிரிப்பார். அந்தப் படத்தை நான் இன்றுவரை கண்ணால் கண்டேனில்லை. அவர் சிரித்த சிரிப்பை மட்டுமே கண்டேன்.

அக்காலப் படங்கள் அருகிப் போனமைக்குக் காரணங்கள் உண்டு. அந்நாளைய படச்சுருள் நைட்ரேட்டு என்னும் பொருளால் ஆயது, எளிதில் தீப்பற்றுவது, வெப்ப நாட்டில் விரைந்து சிதைவது. அதில் படிந்திருந்த வெள்ளியைப் பிரித்தெடுக்கவே பழஞ்சுருள்களை விலைக்கு வாங்கி அழித்தோரும் உளர். இந்தியாவின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் நிறுவப்பெற்றது 1964இல்தான். அதற்குள் பல படங்கள் மறைந்துவிட்டன. முழுநீளப் படங்களையே காப்பார் இலராயின், துணைப்படமாக வந்த சிறு நகைச்சுவைகளை யார் பேணுவர்? எனினும் நம்பிக்கை இழத்தற்கில்லை. சார்லி சாப்ளின் 1914இல் தோன்றிய 'ஏ தீஃப் கேட்சர்' என்னும் குறும்படம், அமெரிக்காவில் பழம்பொருள் விற்பனையொன்றில் வாங்கப்பெற்ற சுருளாகக் கிடைத்து, 2010இல் இன்னதென அறியப்பட்டது. தேடுவார்க்கு ஒருநாள் கிடைக்கும்.

ஆயினும் சாப்ளினின் படத்திற்கும் நம் படங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஊமைப்படத்தின் சிரிப்பு உடலசைவில் பிறப்பது. எந்நாட்டாரும் கண்ட அளவிலே சிரிப்பர். நம் பழைய நகைச்சுவையோ பெரும்பாலும் முன்னொரு கதையைத் தலைகீழாகத் திருப்புவதில் பிறந்தது. அரிச்சந்திரனை அறியாதானுக்குச் சந்திரஹரி வெறும் பொய்யனே. எனவே சுருளைக் கண்டெடுத்தல் பாதி வேலைதான். சிரிப்பின் திறவுகோலையும் கண்டெடுத்தல் வேண்டும். அது காப்பகத்தில் இல்லை; வகுப்பறையில் இருக்கிறது.

இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவர்கள் என் மாணவர்களே. ஒருநாள் ஆறாம் ஆண்டு வகுப்பில், 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் காலட்சேபமாக நடத்தும் 'கிந்தனார்' பகுதியைப் போட்டுக் காட்டினேன். ஒருவரும் சிரித்திலர். மறுநாள் படத்தை ஒதுக்கிவிட்டு நந்தனார் கதையைச் சொன்னேன். தில்லையைக் காண அவர் ஏங்கிய ஏக்கத்தையும், கோபாலகிருஷ்ண பாரதியார் அதனைக் கீர்த்தனைகளாக்கியதையும் விளக்கினேன். பின்னர் மீண்டும் படத்தைக் காட்டினேன். நந்தனார்க்குத் தில்லை எதுவோ அதுவே கிந்தனார்க்குப் பட்டணத்துப் பள்ளிக்கூடம் என்பது விளங்கியதும் வகுப்பில் சிரிப்பு எழுந்தது. ஒரு மாணவி மட்டும் எழுந்து, "ஐயா, படிக்கப் போறது சாமி கும்பிடப் போற அளவுக்குப் பெரிய விசயமா?" என்று கேட்டாள். பள்ளிக்குச் செல்லும் வயதில் பெற்றோர்க்குத் துணையாய் மங்கு துடைக்கப் போன தோட்டத்துப் பிள்ளைகளின் கதையைச் சொன்னேன். அவர்களுள் ஒருத்தி அவளுடைய பாட்டியாகவும் இருக்கலாம் என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. நல்ல நகை சிரிப்போடு முடிவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

தொல்காப்பிய அளவுகோல் இப்படங்களை மதிப்பிடவும் பயன்படும். மடன் என்பதற்குக் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு அதனை விடாதிருத்தல் என உரையாசிரியர் பொருள் கூறுவர். குறும்படம் அன்றாயினும், பம்மலாரின் நாடகத்தினின்று 1941இல் உருவான 'சபாபதி'யை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். காளி என். ரத்தினம் நடித்த வேலைக்காரன், ஏவிய சொல்லைச் சொல்லளவிலேயே கொண்டு செயற்படுபவன். சோடாவை உடைத்துக் கொண்டுவா என்றால் புட்டியையே உடைப்பவனை மடனுக்கு இலக்கணம் எனலாம். எள்ளலோ, தான் பிறரை எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்படுதல் என இருவகைப்படும். அதே படத்தில் கே. சாரங்கபாணி நடித்த தமிழாசிரியரைக் கண்டு சிரிக்கும் தமிழாசிரியர், இரண்டாம் வகையை நன்குணர்வார். நானும் உணர்ந்தேன், சிரித்தேன், மறுநாள் என் வகுப்பைச் சற்றே திருத்திக்கொண்டேன்.

குறையும் கூறாமல் விடலாகாது. கறுத்த நிறத்தையும், திக்குவாயையும், முதுமையையும் நகைப்பொருளாக்கிய காட்சிகள் அக்காலப் படங்களில் உண்டு. வலியாரை நோக்கிய எள்ளல் சிந்திக்க வைக்கும். மெலியாரை நோக்கிய எள்ளல் புண்படுத்தும். பழமை என்பதற்காகப் பின்னதை வகுப்பறையில் போற்றுதல் தகாது. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே திறனாய்வின் கடமை.

ஆசிரியப் பெருமக்களே, மாணவ மணிகளே! கெடாவின் தோட்டங்கள் பலவற்றில் இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் வாழ்ந்தோர் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் குடியேறினர். திடலில் படம் பார்த்த முதியோர் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். அவர்கள் எவ்விடத்தில் சிரித்தனர், ஏன் சிரித்தனர் என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். சுருள் நாளை எங்கேனும் கிடைத்தாலும் கிடைக்கலாம். அப்போது அதனைக் கண்டு சிரிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை இருத்தல் வேண்டும். என் பாட்டனாரிடம் நான் இன்னும் நான்கு கேள்விகள் கேட்டிருக்கலாம், கேட்டேனில்லை.