காற்றில் ஏறிய குரலும் அடுக்களைக் கணக்கும்

"வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்னும் வாக்கியத்தை நம் தமிழ் மக்கள் எந்த மகானிடம் கற்றுக்கொண்டார்களோ நாம் அறியோம். பொழுது புலருமுன் எழுந்து, உலை வைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி, துணி துவைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, இரவு பத்து மணிக்கு அடுப்பைத் துடைத்துவிட்டுப் படுப்பவளைச் சுட்டி, எட்டு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்துவிட்டு வரும் நாம் இப்படிச் சொல்லுகிறோம். ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணியாகிய நமக்கு ஆள் கணக்கு எழுதுவதே தொழில். இன்று பிரட்டுக்கு வந்தவர் யார், வராதவர் யார், எத்தனை குலை வெட்டினார் என்பதெல்லாம் நமது பேனாவுக்குத் தப்புவதில்லை. ஆனால் நம் சொந்த வீட்டு அடுக்களையில் நடக்கும் வேலைக்குப் புத்தகமும் இல்லை, பதிவும் இல்லை. பதிவில்லாத வேலை வேலையே அல்ல என்று நினைப்பது கிராணிகளின் புத்தி மாத்திரமன்று. அது நம் சமூகம் முழுவதன் புத்தியுமாகும்.

இவ்வெண்ணத்தை நம்முள் கிளறிவிட்டது ஒரு படம். ராதா மோகன் இயக்கத்தில் ஜோதிகா நடித்து, 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வெளிவந்த "காற்றின் மொழி" என்னும் அப்படத்தைச் சென்ற தீபாவளி விடுமுறையில் சிங்கப்பூரில் நம் தங்கையின் அடுக்குமாடி வீட்டிலே கண்டோம். படம் புதிதன்று, நாம் காண்பதற்குத்தான் நாள் சென்றது. அதற்கு முந்திய ஆண்டு சுரேஷ் திரிவேணி இயக்கி, வித்யா பாலன் நடித்த "தும்ஹாரி சுலு" என்ற இந்திப் படத்தின் தமிழாக்கம் இது. கதை சிறியது. பள்ளி இறுதிப் பரீட்சையில் தேறாத விஜயலட்சுமி என்னும் இல்லத்தரசி, கணவனும் ஒரு மகனும் உடையவள், போட்டி எங்கே நடந்தாலும் சேர்ந்துகொள்ளும் உற்சாகி. வானொலி நிலையத்தில் பரிசு வாங்கப் போன இடத்தில், அறிவிப்பாளர் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கண்டு, தானும் முயல்கிறாள். இரவு நிகழ்ச்சி ஒன்று அவள் கைக்கு வருகிறது. ஊரெல்லாம் அவள் குரலுக்குக் காத்திருக்கிறது. வீடு மாத்திரம் முகம் சுளிக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். இப்படத்தில் வில்லன் கிடையாது. விதார்த் நடித்துள்ள கணவன் குடிகாரனுமல்லன், கொடுமைக்காரனுமல்லன். மனைவியின் கேலிப் பேச்சுக்குச் சிரிக்கத் தெரிந்தவன். அவள் வேலைக்குப் போகலாம் என்று ஒப்புக்கொள்பவன். தன் ஆபீசில் மரியாதை தேய, வீட்டில் மனைவியின் பெயர் வளர, அவன் மனத்தில் பொறாமை மெல்ல ஊறுகிறது. கொடியவனைக் காட்டினால் பார்க்கும் ஆண்களெல்லாம் "நான் அப்படியல்லேன்" என்று தப்பித்துக்கொள்வார்கள். நல்லவனைக் காட்டியதால் தப்ப வழியில்லாமற் போயிற்று. இது திரைக்கதையின் பெரிய சாமர்த்தியம். அவளுக்கு வாசலைத் திறந்துவிடும் நிலையத் தலைவியாக லட்சுமி மஞ்சு வருகிறார். ஒரு பெண்ணின் திறமையை இன்னொரு பெண் அதிகாரத்தில் இருந்துகொண்டு கண்டெடுப்பதையும் நாம் படங்களில் அடிக்கடி காண்பதில்லை.

இரவு நேரத்தில் தொலைபேசியில் கூப்பிடும் ஆண்கள் சிலர் வக்கிர எண்ணத்துடனேயே கூப்பிடுகிறார்கள். விஜயலட்சுமி அவர்களைத் திட்டுவதில்லை, பயப்படுவதுமில்லை. குழந்தைக்குச் சோறூட்டிப் பழகிய சாதுரியத்தினால் பேச்சைத் திருப்பி, கேட்டவனையே வெட்கப்படச் செய்கிறாள். பரீட்சையில் தேறாதவள் என்று உறவினர் ஏளனம் செய்தவளுக்கு அடுக்களையும் பிள்ளை வளர்ப்புமே கல்லூரியாயின என்று படம் சொல்லாமற் சொல்லுகிறது. வீட்டை நகைச்சுவைக்குக் களமாக்கும் கலை சிங்கப்பூருக்குப் புதிதன்று. புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன் 1960களின் இறுதியில் வானொலிக்கு எழுதிய "அடுக்குவீட்டு அண்ணாசாமி"யைக் கேட்டுச் சிரித்த பெரியவர்கள் இன்னும் சிராங்கூன் சாலையில் இருக்கிறார்கள். ஆனால் அங்கே பெயர் அண்ணாசாமியுடையது. இங்கே வீட்டுக்காரியே தலைப்புக்கு உரியவளாகிறாள்.

இனிக் குறைகளுக்கு வருவோம். ஏ.எச். காஷிப் இசையமைத்த பாட்டுக்களில் ஒன்றின் பெயர் "கெளம்பிட்டாளே விஜயலட்சுமி" என்பது. கேட்க இன்பமான பாட்டுத்தான். ஆயினும் வாசகர்கள் சற்றே யோசிக்க வேண்டும். கணவன் காலையில் வேலைக்குக் கிளம்பும்பொழுது யாராவது பாட்டுப் பாடுகிறார்களா? ஆண் கிளம்புவது வழக்கம். பெண் கிளம்புவது அதிசயம். அதிசயத்துக்குத்தானே மேளம் கொட்டவேண்டும்! மேலும், மகன் பள்ளியில் தவறு செய்து அகப்பட்டதும், பழி முழுவதும் தாயின் வேலைமீது விழுகிறது. அவ்வாறு பழி சொல்லும் உறவினரைப் படம் கண்டிக்கிறது என்பது மெய். ஆனால் தாய் வெளியே போனால் மகன் கெடுவான் என்ற சம்பவத்தைக் கட்டிவைத்தவர் உறவினரல்லர், கதாசிரியரே. தந்தை நாள்தோறும் வேலைக்குப் போனதால் மகன் கெட்டான் என்று எந்தக் கதாசிரியராவது எழுதியதுண்டா?

அந்தக் காட்சியைப் பற்றி நாம் மேலும் ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்த விமரிசனம் பொய்யாகும். தகப்பனாரும் தமக்கைமாரும் கூடி உட்கார்ந்து, விஜயலட்சுமியை நடுவில் நிறுத்தி, வேலையை விடச் சொல்லுகிறார்கள். அப்பொழுது நமது பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதிருந்ததே நமக்கு உறைத்தது. இரண்டாண்டுகளுக்கு முன் அவள் சமைத்துக்கொண்டே பழைய பாட்டுக்களைப் பாடி, அதைக் கைப்பேசியில் படம் பிடித்து யூடியூபில் ஏற்றி வந்தாள். முதலில் பத்துப்பேர் பார்த்தார்கள். பிறகு முன்பின் அறியாதவர்கள் நூற்றுக்கணக்கில் பார்த்தார்கள். யாரோ ஒருவன் அவள் சேலையைப் பற்றி ஒரு சொல் எழுதினான். எழுதியவனைக் கண்டிக்க நமக்கு நாதியில்லை. தங்கைக்குப் புத்தி சொல்ல மாத்திரம் இருந்தது. "குடும்பப் பெண்ணுக்கு இது அழகல்ல" என்று மூத்தவன் என்ற உரிமையில் செய்தி அனுப்பினோம். மேடைகளில் பெண் விடுதலை பேசிய அதே கையால் அனுப்பினோம். அவள் பதில் எழுதவில்லை. பாட்டு நின்றது.

படம் முடிந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி. "ஏண்ணே, அந்தப் பெண்ணுக்கு அப்பா இருக்கிறார், அக்காமார் இருக்கிறார்கள். அண்ணன் ஒருவரை மட்டும் ஏன் வைக்காமல் விட்டார்கள்?"

நாம் தலை குனிந்தோம். "மறுபடியும் பாடு, தங்கச்சி. இனி யாரும் தடை சொல்லமாட்டோம்" என்றோம். அவள் சிரித்துவிட்டு, "தடை இல்லையென்பது சரி, நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டு, தன் ஒரு நாளைக் கணக்குச் சொன்னாள். கணக்கெழுதிப் பழகிய நமக்கே அதில் ஓர் அரைமணி நேரத்தையும் மிச்சம் பிடிக்க முடியவில்லை.

இங்கேதான் படத்துக்கும் இன்றைய நிலைமைக்கும் வித்தியாசம் தெரிகிறது. விஜயலட்சுமிக்கு வேலைக்குப் போக ஓர் இடம் உண்டு, சம்பளம் உண்டு, நிகழ்ச்சி முடிந்தால் வீடு திரும்பலாம். முகத்தை மறைத்துக் குரலை மாத்திரம் கொடுக்கும் சௌகரியமும் வானொலிக்கு உண்டு. கைப்பேசியிற் புகழ் தேடும் தாய்க்கு இவை ஒன்றுமில்லை. அவளுடைய அடுக்களையே மேடை. அவளே பாடகி, அவளே படப்பிடிப்பாளி, அவளே எடிட்டர். வீட்டு வேலை குறைவதில்லை. அதன்மேல் இன்னொரு வேலை ஏறிக்கொள்கிறது. வீட்டிலிருந்தபடியே உலகப் புகழ் என்று நாம் மெச்சுவது, பல வேளைகளில், வீட்டைவிட்டு வெளியேறாமலே இரட்டை உழைப்பு என்பதற்கு இட்ட அழகிய பெயராக இருக்கிறது.

"அப்படியானால் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வதுதானே?" என்று சிங்கப்பூர் அன்பர்கள் கேட்பார்கள். வசதியுள்ள வீடுகள் அவ்வாறே செய்கின்றன. ஆனால் அந்த ஆளும் பெரும்பாலும் ஒரு பெண். பலர் கடல் கடந்து பிள்ளைகளை ஊரில் விட்டுவந்த தாய்மார். வீட்டுப் பணிப்பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டிலேதான் விதியாயிற்று. அந்த ஓய்வுக்கும் பதிலாகப் பணம் கொடுத்துவிடலாம் என்றிருந்ததனால், மாதத்தில் ஒரு நாளாவது பணத்துக்கு ஈடாகாத ஓய்வு வேண்டும் என்று 2023ஆம் ஆண்டில் மீண்டும் விதி செய்ய நேர்ந்தது. ஒரு தாயின் அடுக்களைப் பாரத்தை மற்றொரு தாயின் தோளுக்கு மாற்றியதைச் சீர்திருத்தம் என்று சொல்ல நமக்கு நாக் கூசுகிறது. பாரம் இறங்கவேண்டியது ஆணின் தோளில்.

தோட்டத்து வாசகர்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்யக்கூடும். நம் பாட்டிமார் வீட்டில் "சும்மா" இருந்ததே கிடையாது. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, இருட்டோடு பால்மரம் வெட்டப் போனவர்கள் அவர்கள். அந்நாளில் அவர்கள் உழைப்பு ஏட்டில் பதிந்தது உண்மை. ஆனால் எப்படிப் பதிந்தது? மலாயாவில் 1930ஆம் ஆண்டு ரப்பர் விலை வீழ்ந்தபோது, ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணின் நாட்கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டன. குறைத்தபின்னும் அவளுக்குக் குறைவு குறைவாகவே நின்றது. வெட்டுக்காட்டிலிருந்து திரும்பியதும் லயத்து அடுப்பு அவளுக்காகவே காத்திருந்தது. ஆகவே, பெண் வெளியே போவதனால் மாத்திரம் விடுதலை வந்துவிடாது என்பதை நம் தோட்டங்கள் படத்துக்கு வெகுகாலம் முன்பே நிரூபித்துவிட்டன. திரும்பி வரும்போது அடுப்பு யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

பொது மக்கள் முன் வந்த பெண்ணைப் பழிப்பதும் புதிதன்று. முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" 1931இல் வந்தபோது அதில் நாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி, 1936இல் "மிஸ் கமலா"வைத் தாமே இயக்கினார். நடிக்க வந்த பெண்ணை ஊர் எவ்வாறு பேசிற்று என்பதை வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அன்று மேடை, பிறகு திரை, பிறகு வானொலி, இன்று கைப்பேசி. கருவி மாறியது, தமிழ் வீட்டாரின் முணுமுணுப்பு மாறவில்லை. நமது செய்தியும் அம்முணுமுணுப்பைச் சேர்ந்ததே என்று ஒப்புக்கொள்கிறோம்.

இந்திப் படத்தின் முடிவில் மனைவி எடுத்த உணவுக் குத்தகையைக் கணவன் நடத்துகிறான். அவள் தன் குரலுக்குத் திரும்புகிறாள். அந்த யோசனை நமக்குப் பிடித்திருக்கிறது. ஆகையால் தோட்டத்து மன்றங்களிலும் நகரத்துச் சங்கங்களிலும் "காற்றின் மொழி"யைக் காட்டும் அன்பர்கள் ஒரு காரியம் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். காட்சி முடிந்ததும் பெண்ணுரிமை பற்றி ஆண்கள் பிரசங்கம் செய்யவேண்டாம். ஒவ்வோர் ஆணும் எழுந்து, தன் வீட்டில் தான் ஏற்கப்போகும் ஒரு வேலையையும் அதன் நேரத்தையும் மாத்திரம் சொல்லட்டும். மன்றத்துக் காரியதரிசி அதை ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

நமது தங்கையின் வீட்டில் இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைச் சமையல் மாப்பிள்ளையுடையது. முதல் வாரம் சோறு குழைந்தது. சாம்பாரில் உப்பு மிகுந்தது. எவரும் பட்டினி கிடக்கவில்லை. அடுத்த அறையில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு பாடினாள்.