சாட்டிலைட் போனில் டேட்டா: நிமிடத்துக்கு 18 கேபி!

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் கரன்ட் போனது. பல இடங்களில் செல்போனும் போனது. அப்படிப்பட்ட நாளுக்கென்றே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலை, இன்மார்சாட்டின் ஐசாட்போன் ப்ரோ வைத்திருக்கிறது. 2010-ல் வந்தபோது அதில் பேசலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம்; டேட்டா வசதி பின்னால் ஃபர்ம்வேர் (போனின் உள் மென்பொருள்) அப்டேட் வழியாக வந்தது. பழைய ஃபர்ம்வேரிலேயே கிடந்த அந்த செட்டை அப்டேட் செய்து பார்த்தோம்.

வேலை சுலபம். பேட்டரியை நிறைய சார்ஜ் ஏற்றி, விண்டோஸ் கணினியில் யூஎஸ்பி கேபிளால் இணைத்து, அப்டேட்டை ஓட்ட வேண்டும். நடுவில் கேபிளைப் பிடுங்கக் கூடாது. மோடம் டிரைவரையும் போட்டுவிட்டால், அந்தக் கால டயல்-அப் இணைப்பு தயார்.

வேகம்தான் சோதனை. நொடிக்கு 2.4 கிலோபிட், அதாவது 300 பைட். 3 கேபி மின்னஞ்சல் கணக்குப்படி பத்தே நொடியில் போக வேண்டும். இணைப்பு பிடிக்கும் நேரம், சிக்னல் 36,000 கி.மீ. ஏறி இறங்கும் தாமதம் எல்லாம் சேர்ந்து அதை நீட்டிவிடும். 2 எம்பி போட்டோவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் போதாது. கட்டணம் ஓடுவதோ நிமிடக் கணக்கில்! விண்டோஸ் அப்டேட்டையும் கிளவுட் பேக்கப்பையும் முதலில் நிறுத்துங்கள். இல்லையென்றால் மொத்த வேகத்தையும் அவையே தின்றுவிடும். சுருக்கி அனுப்பும் மென்பொருள் எழுத்துக்கு நன்றாக உதவும். ஏற்கெனவே சுருங்கிய ஜேபெக் படத்தை அது மேலும் என்ன சுருக்கும்?

ஆலையின் தகரக் கூரைக்குள் சிக்னல் வராது. செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பதால் தெற்கு வானம் திறந்திருக்க வேண்டும். கொட்டும் மழையில் லேப்டாப்போடு யார் மொட்டைமாடி ஏறுவது? வெளி ஆன்டெனாவும் போனைப் பொருத்தும் டாக்கும் இல்லாத இடத்தில் இந்த வசதி இருந்தும் இல்லாததுதான்.

தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது குற்றம். துராயா, இரிடியம் செட்டை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளம் இருக்கும் ஊரில் இதில் விளையாட்டு வேண்டாம்.

செட் கையில் இருந்தால் தாராளமாக அப்டேட் செய்யலாம், ஃபர்ம்வேருக்குக் காசில்லை. டேட்டாவுக்காகவே வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சேதப் படங்களைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியே தீர வேண்டும் என்றால், நொடிக்கு 492 கிலோபிட் வரை தரும் இன்மார்சாட்டின் பிகான் (BGAN) செயற்கைக்கோள் இணைய டெர்மினல்தான் சரி.

இன்னொன்று: டேட்டா ஓடும்போது ஐசாட்போனில் பேச முடியாது. வாயுக் கசிவு மாதிரி அவசரம் என்றால் முதலில் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், மின்னஞ்சல் அப்புறம்.