தூரம் பழசு, திரைதான் புதுசு: இணையவழிச் சமூகப்பணி முனைவர் பட்டம் குறித்துச் சில குறிப்புகள்

1

ஆன்லைனில் சமூகப்பணி டாக்டர் பட்டம் என்றதும் நம் அறிவுஜீவிகள் இரண்டு விதமாக எதிர்வினையாற்றுகிறார்கள். பேராசிரியப் பெருமக்களுக்குச் சிரிப்பு வருகிறது. 'வீட்டுக்குள்ள உக்காந்துகிட்டு சமூகப்பணியா?' என்கிறார்கள். இயக்கத் தோழர்களுக்குக் கோபம் வருகிறது. கல்வி சரக்காகிப்போனதன் உச்சகட்டம் என்கிறார்கள். சிரிப்பவர்களும் கோபப்படுபவர்களும் ஓர் அனுமானத்தைப் பகிர்ந்துகொள்வதைக் கவனிக்க வேண்டும். வளாகத்தில் நடக்கும் ஆய்வு மக்களுக்குப் பக்கத்தில் இருந்தது, கணினித் திரை வந்துதான் நடுவில் தூரத்தைப் புகுத்திவிட்டது என்பதே அது. இந்த அனுமானத்தைத்தான் இங்கே கேள்விக்குட்படுத்த விரும்புகிறேன்.

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இந்தத் துறையில் என்ன வேலை என்று கேட்கலாம். பிரதிகளை வாசிப்பது என் தொழில். ஒரு பட்டப்படிப்பின் விளம்பரமும், அதைத் தடைசெய்யும் அரசு விதியும், அதற்குக் கடன் தரும் சட்டமும் பிரதிகள்தாம். அவை யாரைப் பேச வைக்கின்றன, யாரைப் பேசப்படும் பொருளாக்குகின்றன என்று பார்க்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

2

1889இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார்கள். வெளிநாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியிலேயே போய்க் குடியிருந்தார்கள். மக்களை அறிய வேண்டுமானால் அவர்களோடு வாழ வேண்டும் என்பது அதன் தர்க்கம். (படித்த நடுத்தர வர்க்கம் ஏழைகளிடம் பண்பாட்டை எடுத்துக்கொண்டு போகும் மேட்டிமையும் அதில் கலந்திருந்தது. அதை மறைத்துப் புனிதப்படுத்தத் தேவையில்லை.)

1915இல் நிலைமை மாறுகிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து 1910இல் அறிக்கை கொடுத்துப் பேர் வாங்கியிருந்த ஆப்ரஹாம் ஃப்ளெக்ஸ்னர், பால்டிமோர் மாநாடு ஒன்றில் 'சமூகப்பணி ஒரு ப்ரொஃபஷனா?' என்று கேட்டார். இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். பிறருக்குக் கற்றுக்கொடுக்கிற மாதிரி தனக்கேயான நுட்பம் ஏதும் அதற்கு இல்லை, மற்ற தொழில்களுக்கு நடுவே நின்று இணைத்து வைக்கிற வேலைதான் அது என்பது அவர் வாதம். அதே 1915இல் பிரின் மார் பெண்கள் கல்லூரி சமூகப்பணிக்கென்று பட்டமேற்படிப்புத் துறையைத் தொடங்கி, முனைவர் பட்டம் வரைக்கும் வழி திறந்தது. 1917இல் மேரி ரிச்மண்ட் 'சோஷியல் டயக்னோசிஸ்' நூலை வெளியிட்டார். தலைப்பைக் கவனியுங்கள். நோயறிதல் என்பது மருத்துவரின் சொல். ஏழையின் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர் போய், ஏழையைப் பரிசோதிக்கிறவர் வந்துவிட்டார். மனிதர் 'கேஸ்' ஆகிறார், கேஸ் கோப்பாகிறது, கோப்பு ஆய்வேடாகிறது. நம்மூர் ஆஸ்பத்திரியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் ஆளையே 'கேஸ்' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லாடல்தான்.

இந்தியாவில் இந்தத் துறைக்கான முதல் பள்ளியை 1936இல் டாட்டா அறக்கட்டளை பம்பாயில் தொடங்கியது. அதற்கு வழிகோலிய கிளிஃபர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி, நாக்பாடா என்ற நெரிசலான தொழிலாளர் பகுதியில் சமூக மையம் நடத்திவந்தவர். குடியிருப்பின் மத்தியில் பிறந்த பள்ளி 1954இல் தேவனாரில் தனி வளாகம் கண்டது. ஒரு துறை வளர்ந்தால் கட்டடம் வேண்டும்தான். ஆனால் கட்டடம் வந்தபின் மக்கள் இருக்கும் இடத்துக்குக் 'களம்' என்று பெயர் வந்துவிடுகிறது. போய்த் திரும்புகிற இடம் என்று அதற்கு அர்த்தம். திரைக்கு வெகுமுன்பே தூரம் நிறுவனமாகிவிட்டது.

3

இப்போது ஆன்லைன் கதவைத் தட்டுபவர் யார் என்று பார்ப்போம். அமெரிக்காவில் பி.எச்.டி. தவிர டி.எஸ்.டபிள்யூ. என்றொரு பட்டம் உண்டு. பழைய பட்டம்தான். பி.எச்.டி.யின் மவுசில் ஓரங்கட்டப்பட்டுக் கிடந்ததை 2007இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் களத்தில் வேலை செய்வோருக்கான பட்டமாக மீட்டெடுத்தது. அதன்பின் பல பல்கலைக்கழகங்கள் அதை முழுக்க இணையவழியிலேயே நடத்த ஆரம்பித்தன. இவை குறிவைப்பது ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களை. அந்நாட்டுச் சமூகப்பணியாளர்களில் மிகப்பெரும்பான்மையோர் பெண்கள். பகல் முழுக்கக் குழந்தைகள் காப்பகத்திலோ, மனநல விடுதியிலோ, சிறையிலோ வேலை பார்த்துவிட்டு, வீட்டு வேலையும் முடித்து, ராத்திரி பத்து மணிக்குத் திரைமுன் உட்காருகிற பெண் மக்களிடமிருந்து தூரத்திலா இருக்கிறார்? அவர் தூரமாக இருப்பது பல்கலைக்கழகத்திலிருந்து. அவரைப் பார்த்துச் சிரிக்கும் முழுநேர ஆய்வாளர்தான் மக்களிடமிருந்து தூரத்தில் இருக்கிறார்.

வளாகத்து நெருக்கத்தின் லட்சணமும் நமக்குத் தெரியாததில்லை. 2008இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இறந்துபோன சேலத்துத் தலித் மாணவர் செந்தில்குமார், இயற்பியலில் பி.எச்.டி.க்குச் சேர்ந்தும் நெறியாளர் ஒதுக்கப்படாமலேயே இருந்தவர். ஒரே கட்டடம், ஒரே தாழ்வாரம். எத்தனை மைல் தூரம் பாருங்கள்! நெறியாளரின் முகத்தைத் திரையில் பார்ப்பது குறைபாடு என்று பேசுகிறவர்கள், முகமே கொடுக்காத நெறியாளர்களைப் பற்றியும் பேச வேண்டும்.

நம் நாட்டு விதி என்ன சொல்கிறது? 2022 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஏ.ஐ.சி.டி.இ.யும் கூட்டாக ஓர் எச்சரிக்கை விடுத்தன. கல்வித் தொழில்நுட்ப கம்பெனிகள் வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து விற்கும் ஆன்லைன் பி.எச்.டி. விளம்பரங்களை நம்பாதீர்கள், அவை செல்லாது என்றன. நவம்பரில் வந்த விதிமுறைகள் தொலைதூர, இணையவழி பி.எச்.டி.யை முற்றாகத் தடைசெய்தன. கடையை மூடியதில் எனக்கு வருத்தமில்லை. வெளிநாட்டு முத்திரைக்கு ஆசைப்பட்டுப் பணத்தைத் தொலைப்பவர்களைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் அதே விதிமுறைகள் பகுதிநேர ஆய்வுக்குத் திறந்துவிட்ட வழியைப் படித்துப் பாருங்கள். வேலை தருபவரிடமிருந்து தடையில்லாச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். ஒரு தொண்டு நிறுவனத்தில் குறைந்த சம்பளத்துக்குப் பத்து வருஷம் உழைத்த பெண், அந்த மாதிரி நிறுவனங்கள் ஏழைகளை எப்படி நடத்துகின்றன என்று ஆராய நினைத்தால், முதலில் முதலாளியிடம் போய் 'ஐயா, அனுமதி கொடுங்க' என்று நிற்க வேண்டும். நிறுவனத்தை விமர்சிக்கும் அறிவு பிறக்குமுன்பே நிறுவனத்தின் கையெழுத்துக்குக் கட்டுப்படுகிறது. நுண் அதிகாரம் என்று ஃபூக்கோவைப் படித்துவிட்டு நாம் பாரிசில் தேடுவது, இந்த ஒற்றைத் தாளில் இருக்கிறது.

4

அப்படியானால் ஆன்லைன் பட்டத்தை விடுதலை என்று கொண்டாடலாமா? அங்கேதான் சிக்கல். கதவைத் திறந்தவர்கள் சுங்கச்சாவடி கட்டுவதற்காகவே திறந்தார்கள்.

தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் டூயூ என்ற கம்பெனியோடு சேர்ந்து இணையவழியில் சமூகப்பணி முதுகலைப் பட்டம் நடத்தியது. அதற்கு ஆன செலவு சுமார் 1,15,000 டாலர் என்றும், படித்து வந்தவர்கள் சொற்பச் சம்பளத்தோடு பெருங்கடனில் சிக்கினார்கள் என்றும் 2021இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. ஆள் பிடிக்கும் வேலையை அந்தக் கம்பெனி பார்த்தது, கட்டணத்தில் பெரும்பங்கும் அதற்கே போனது. 2024 ஜூலையில் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. கடன் வாங்கியவர்களின் கடன் மட்டும் அப்படியே நின்றது.

வால்டன் என்ற ஆன்லைன் பல்கலைக்கழகத்தின் வழக்கு இன்னும் முக்கியமானது. சமூகப்பணியிலும் முனைவர் பட்டம் தரும் நிறுவனம் அது. 2022இல் தொடுக்கப்பட்ட வழக்கு அதன் வணிக நிர்வாக முனைவர் பட்டம் பற்றியது. கறுப்பின மாணவர்களையும் பெண்களையும் குறிவைத்துச் சேர்த்துக்கொண்டு, ஆய்வேட்டுக் கட்டத்தைச் சொன்ன காலத்துக்கு மேல் இழுத்தடித்துக் கட்டணம் கறந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2024இல் 285 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. தவறு செய்ததாகப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த வழக்கை வைத்துக்கொண்டு ஆன்லைன் விளம்பரங்களில் தவறாமல் வரும் 'உங்கள் வேகத்தில் படிக்கலாம்' என்ற வாசகத்தைக் கட்டவிழ்த்துப் பாருங்கள். முனைவர் பட்டத்தில் வேகம் மாணவர் கையில் இல்லை. அத்தியாயத்தை அனுப்பிவிட்டு நெறியாளரின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் கட்டணம் வாங்கும் ஏற்பாட்டில் அந்தக் காத்திருப்பு நிறுவனத்துக்கு வருமானம். வளாகத்தில் தாமதம் அதிகாரமாக இருந்தது. இங்கே தாமதமே சரக்கு. 'வேலையை விடாமல் படிக்கலாம்' என்பதும் அப்படித்தான். படிப்பதற்கு லீவு தர வேண்டிய பொறுப்பிலிருந்து முதலாளியை விடுவித்து, அந்த நேரத்தை ஒரு பெண்ணின் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிற வாசகம் அது.

ஃப்ளெக்ஸ்னரின் பேய் இன்னும் அடங்கவில்லை. 2025 ஜூலையில் அமெரிக்காவில் வந்த சட்டம், மேற்படிப்புக் கடனுக்கு இரண்டு உச்சவரம்புகள் வைத்தது: 'ப்ரொஃபஷனல்' பட்டங்களுக்கு மொத்தம் 2,00,000 டாலர், மற்றவற்றுக்கு 1,00,000. அவ்வாண்டு நவம்பரில் அந்நாட்டுக் கல்வித்துறையின் குழு ஏற்ற வரைவு வரையறையில் மருத்துவம் இருந்தது, சட்டம் இருந்தது, சமூகப்பணி இல்லை. 110 வருஷம் கழித்தும் அதே பதில்! ஏழைகளோடு வேலை செய்யும் பெண்களின் அறிவு அறிவா என்ற கேள்வியை அன்று மாநாட்டு மேடை கேட்டது, இன்று வட்டிக் கணக்குக் கேட்கிறது. கடனை வெட்டினால் கட்டணம் குறையும் என்கிறார்கள். குறையலாம். அதுவரைக்கும் கைக்காசு இல்லாதவர் வெளியே நிற்பார்.

5

'களம்' என்பதற்குத் தமிழில் போர்க்களம் என்றும் பொருள் உண்டு, நெல்லடிக்கும் களம் என்றும் பொருள் உண்டு. சமூகப்பணித் துறை 'களப்பணி' என்று பேசும்போது எனக்கு இரண்டாவதுதான் நினைவுக்கு வருகிறது. களத்தில் அடிப்பவர்கள் ஒருவர், நெல் போய்ச் சேரும் பத்தாயம் வேறொருவருடையது. சேரியிலும் மீனவர் குப்பத்திலும் பெண்கள் சொன்ன பாடுகள் ஆய்வேடாகி எந்தப் பத்தாயத்தில் கிடக்கின்றன? சொன்னவர்களுக்கு அதில் ஒரு பதக்காவது திரும்பி வந்ததா? இந்தக் கேள்வி வளாகத்துக்கும் பொருந்தும், திரைக்கும் பொருந்தும்.

ஆகவே, ஆன்லைனா நேரடியா என்ற விவாதமே நம்மைத் திசைதிருப்புகிறது என்பேன். எந்தப் பட்டமானாலும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். தாமதமானால் யாருக்கு நஷ்டம், மாணவருக்கா நிறுவனத்துக்கா? படிக்கும் நேரத்தை யார் தருகிறார்கள், வேலை தருபவரா, வீட்டுப் பெண்ணின் ராத்திரியா? எழுதியது யார் மொழியில், யார் கைக்குத் திரும்புகிறது? இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லும் பட்டம் திரையில் நடந்தாலும் எனக்குச் சம்மதம். சொல்ல முடியாத பட்டம் ஆலமரத்தடியில் நடந்தாலும் அது கடைதான்.

களத்தில் நிற்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 'பட்டம் எதுக்கு, மக்கள்கிட்ட கத்துக்கிட்டா போதாதா?' என்று உங்களிடம் சொல்பவர் பேருக்கு முன்னால் டாக்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆணையங்களிலும் திட்டக் குழுக்களிலும் உங்கள் மக்களைப் பற்றிப் பேச அந்த இரண்டு எழுத்து உள்ளவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். அதை நீங்கள் விரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விலையை மட்டும் விளம்பரத்தில் பார்க்காதீர்கள். பாதியில் விட்டுப்போனவரைத் தேடிப் பிடித்து அவரிடம் கேளுங்கள்.