அலரும் இற்செறிப்பும்: வளாகக் குற்றம் என்கிற பிரதி

1

பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு குற்றம் நடந்தால் நமக்கு வந்து சேருவது குற்றம் அல்ல, பிரதிகள். காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை ஒன்று. பேப்பரில் வரும் செய்தி இரண்டு. பதிவாளர் கையெழுத்துடன் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும் சுற்றறிக்கை மூன்று. இவற்றைத் தாண்டி நடந்தது என்ன என்பது பாதிக்கப்பட்டவருக்குத்தான் தெரியும். ஆகவே இந்தப் பிரதிகளை வாசிக்கிற வேலை இலக்கிய விமர்சனத்தின் வேலையும்தான். "இதெல்லாம் வக்கீலுங்க பார்த்துக்குவாங்க, தமிழ் எம்.ஏ.வுக்கு இதுல என்ன வேலை?" என்று தோழர் ஒருவர் கேட்டார். யார் பேசுகிறார், யாரைப் பற்றி, யாருடைய பெயரை வெளியே வைத்து, எதை மறைத்து என்ற கேள்விகளைக் கேட்கத்தான் நமக்கு இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். அதைக் குறுந்தொகையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி எந்த இலக்கணமும் விதிக்கவில்லை.

2024 டிசம்பர் 23 அன்று இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். மறுநாள் புகார் கொடுத்தார். 25ஆம் தேதி, வளாகத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் பிரியாணிக் கடை போட்டிருந்த ஒருவர் கைது செய்யப்பட்டார். அதற்குள் முதல் தகவல் அறிக்கை, அந்தப் பெண்ணின் பெயர் முதலான அடையாளங்களோடு வெளியாகிவிட்டது. இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறும்போது கணினியில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொன்ன உச்சநீதிமன்றத்தின் 2016ஆம் வருஷத் தீர்ப்பே பாலியல் குற்றங்கள் போன்றவற்றுக்கு விலக்குக் கொடுத்திருந்தது. அந்த விலக்குத்தான் "கோளாறு" ஆகிவிட்டது.

டிசம்பர் 28இல் சென்னை உயர்நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை கசிந்ததற்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டது. மாணவியிடம் கட்டணம் வாங்காமல் படிப்பைத் தொடர விடச் சொன்னது. அந்த அறிக்கை எழுதப்பட்ட விதமே பாதிக்கப்பட்டவர் மேல் பழியைத் திருப்புவதாக இருக்கிறது என்றும் கண்டித்தது. 2025 மே 28இல் குற்றவாளி எனத் தீர்ப்பு; ஜூன் 2இல் 30 வருஷத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனை. ஐந்து மாதத்தில் வழக்கு முடிந்தது. இந்த அளவில் நீதிமன்றம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

ஆனால் நீதிமன்றமே ஓர் அறிக்கையின் நடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் விமர்சகர்கள் நிறுத்தி யோசிக்க வேண்டிய இடம். இங்கே எனக்கொரு சிக்கல் உண்டு. எந்தப் பிரதியை விமர்சிக்கிறேனோ அதிலிருந்து ஒரு வரியைக்கூட மேற்கோள் காட்ட மாட்டேன். காட்டினால் கசிவின் இன்னொரு கண்ணியாக இந்தப் பத்திரிகையும் ஆகும். அந்தப் பிரதியை விட்டுவிட்டு அந்த வகைமையைப் பார்ப்போம்.

முதல் தகவல் அறிக்கையின் பேசுமுறை தன்மை ஒருமை. 'நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்' என்பதுபோலத் தொடங்கும். இன்னாருடைய மகள், இந்த ஊர், இந்தப் படிப்பு. ஆனால் எந்தப் பெண்ணும் 'மேற்கண்ட', 'மேற்படி' என்று பேசுவதில்லை. பேனா நிலையத்தினுடையது, 'நான்' மட்டும் அவளுடையது. அவள் வாயில் நிலையம் பேசுகிறது. ஏன் அங்கே போனாய், யாரோடு போனாய், வழக்கமாகப் போவாயா என்று நிலையம் கேட்ட கேள்விகள் அழிக்கப்பட்டு, அவற்றுக்கான பதில்கள் மட்டும் அவள் தானாக முன்வந்து சொன்னவைபோல அடுக்கப்படுகின்றன. கேள்வியை அழித்துப் பதிலை மட்டும் விட்டால் எந்தச் சாட்சியமும் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். நடையில் உள்ள வன்முறை என்று நான் சொல்வது இதைத்தான்.

2

அகப்பொருள் இலக்கணம் படித்தவர்களுக்கு அம்பலும் அலரும் தெரியும். களவை வெளிப்படுத்துபவை என்று தொல்காப்பியம் இவை இரண்டையும் சொல்கிறது. வாய்க்குள் முணுமுணுப்பாக இருப்பது அம்பல், அது மொட்டு. ஊரறிய விரிந்துவிட்டால் அலர், அது பூ. அலர் பரவினதும் அடுத்து வருவது இற்செறிப்பு. அவளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது.

நமது வளாகக் குற்றச் செய்திகள் அறிக்கைகள் அல்ல, அலர்கள். அறிக்கை செயலைப் பற்றிப் பேசும். அலர் அவளைப் பற்றிப் பேசும். இன்னொரு காரியத்தையும் அலர் செய்கிறது: வன்முறையைக் களவாக மாற்றி எழுதுகிறது. 'காதலனுடன் தனிமையில் இருந்த மாணவி' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் போதும், வாசகன் மனதில் காதல் கதை ஓட ஆரம்பித்துவிடும். குற்றம் செய்தவன் அந்தக் கதையில் இடையூறாக வருகிற பாத்திரம். 'தனிமை' என்கிற சொல்லையே பாருங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் அதற்குத் தமிழில் தனிமை என்றா பெயர்?

இந்த அகராதி பெரியது. 'சில்மிஷம்' என்றால் கையைப் பிடித்து இழுத்ததும் விளையாட்டாகிவிடும். 'உல்லாசம்' என்றால் மிரட்டலும் சம்மதமாகிவிடும். 'கற்பழிப்பு' என்கிற சொல் இழந்தவளிடம் இழந்த பொருளை வைக்கிறது. செய்தவனிடம் ஒன்றுமே இல்லை. பெண்ணிய இயக்கங்கள் பல வருஷம் சண்டை போட்டு 'பாலியல் வன்முறை', 'வல்லுறவு' என்ற சொற்களைக் கொண்டுவந்தன. சொல் மாறிவிட்டது, வாக்கிய அமைப்பு மாறவில்லை. இன்றைக்கும் எழுவாய் 'மாணவி'தான்.

சட்டமும் இந்த அகராதியிலிருந்து தப்பவில்லை. சென்னையில் 1998இல் கல்லூரி மாணவி ஒருவர் துன்புறுத்தலில் உயிரிழந்த பிறகு தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்தின் பெயர் 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம். ஒரு சாவுக்குப் பிறகு வந்த சட்டத்தின் தலைப்பில் 'கேலி' இருந்தது! ஆதாமைக் காணோம், ஏவாள் மட்டும் இருக்கிறாள். பிறகு அதைப் பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் என்று பெயர் மாற்றினார்கள். அண்ணா பல்கலைக்கழகச் சம்பவத்துக்குப் பிறகு, 2025 ஜனவரியில், அதே சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டினார்கள். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் கொலைக்குப் பிறகு 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் இதே வரிசைதான். பிணம் விழுந்தால் சட்டம் வருகிறது. ஆனால் பிணம் விழுவதற்கு முன்னால் அந்த வளாகத்தில் என்னென்ன நடந்தது என்பதற்குப் பொதுவில் எந்தப் பதிவும் இருப்பதில்லை.

3

அலருக்குப் பின் இற்செறிப்பு. இலக்கணம் தவறுவதே இல்லை.

நான் இரண்டு வருஷம் இருந்த பெண்கள் விடுதியில் சாயங்காலம் ஆறு மணிக்கு ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்கள் விடுதிக்கு அப்படியொரு ரிஜிஸ்தரே கிடையாது. நூலகம் எட்டு மணி வரை திறந்திருக்கும். அதாவது அந்த இரண்டு மணி நேர நூலகம் எங்களுக்கு இல்லை. காரணம் கேட்டால் வார்டன் அம்மா, "உங்க நல்லதுக்குத்தாம்மா, ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?" என்பார். அந்த வாக்கியத்தின் பிற்பாதிதான் உண்மை. யார் பதில் சொல்வது என்பதுதான் பிரச்சினை, பாதுகாப்பு அல்ல.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 2017 செப்டம்பரில் மாணவி ஒருவர் வளாகத்துக்குள் துன்புறுத்தப்பட்டார். புகார் சொன்னபோது இருட்டின பிறகு ஏன் வெளியே வந்தாய் என்ற கேள்விதான் பதிலாக வந்தது என்று மாணவிகள் வாசலில் உட்கார்ந்தார்கள். அவர்கள் மேல் தடியடி நடந்தது. அதே வளாகத்திலுள்ள ஐ.ஐ.டி.யில் 2023 நவம்பரில் ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கைது செய்ய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. ஆனால் இரண்டு நிறுவனங்களுக்கும் நடுவில் சுவர் எழுப்பலாம் என்ற யோசனை சில நாட்களிலேயே வந்துவிட்டது. 2015இல் தில்லியில் தொடங்கிய 'பிஞ்ஜரா தோட்' இயக்கம், 'கூண்டை உடை' என்று, விடுதிப் பூட்டுக்கு எதிராகக் கிளம்பியதன் நியாயம் இங்கே இருக்கிறது.

சுவர், ஐ.டி. கார்டு, சி.சி.டி.வி. மூன்றும் ஒரே கதையாடலிலிருந்து பிறப்பவை: ஆபத்து வெளியாளிடமிருந்து வருகிறது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் குற்றவாளி வெளியாள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வழக்கு எல்லா வழக்குகளுக்கும் முகமாகிவிடும்போது நடைபாதைக் கடைக்காரர்கள், கட்டட வேலைக்கு வருகிறவர்கள், குறுக்கு வழியில் நடந்து போகிற ஏழைகள் எல்லோருமே சந்தேகத்துக்குரியவர்கள் ஆகிறார்கள். உள்ளே சம்பளம் வாங்குகிறவர் சந்தேகத்துக்கு அப்பால் போய்விடுகிறார். 2018இல் அருப்புக்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் பல்கலைக்கழக மேலிடத்தாருக்கு இணங்கிப் போகும்படி மாணவிகளை வற்புறுத்தியது எந்தக் கேமராவிலும் பதிவாகவில்லை. மாணவிகளின் கையிலிருந்த தொலைபேசிப் பதிவுதான் அதை வெளியே கொண்டுவந்தது. 2024 ஏப்ரலில் அவருக்குப் பத்து வருஷம் சிறைத் தண்டனை கிடைத்தது. 2023 மார்ச்சில் கலாக்ஷேத்ரா மாணவிகள் போராட்டத்தில் உட்கார்ந்தது ஆசிரியர்களுக்கு எதிராக. இந்த இரண்டு இடத்திலும் எந்தச் சுவர் யாரைக் காப்பாற்றியிருக்கும்? சுவர் உயர்ந்தால் உள்ளே இருக்கிறவனுக்குத்தான் வசதி.

4

இனி பதிவு இல்லாமையை வாசிக்கலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013ஆம் வருஷச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் வருஷ விதிமுறைகளும் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்கின்றன. வருஷாவருஷம் எத்தனை புகார், எத்தனை முடிந்தது என்று கணக்குக் காட்டச் சொல்கின்றன. அந்தப் படிவத்தில் நிர்வாகம் விரும்பி எழுதுகிற பதில் 'நில்'. ஆங்கிலத்தில் அதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். தமிழில் அது ஏவல் வினை. புகாரோடு வருகிறவளைப் பார்த்து: நில். அதற்கு மேலே வராதே.

பூஜ்யம் என்பது குற்றம் இல்லாத வளாகத்தின் எண் அல்ல, வாய் திறக்க முடியாத வளாகத்தின் எண் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 1986இல் ஒரு மாணவி தன் விடுதி அறையில் கொல்லப்பட்டார். வளாகத்தில் நடந்த குற்றங்களைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருந்தால் மகளை அங்கே சேர்த்திருக்க மாட்டோம் என்று பெற்றோர் போராடினார்கள். 1990இல் சட்டம் வந்தது. பிறகு அந்த மாணவியின் பெயராலேயே கிளெரி சட்டம் என்று அழைக்கப்படுகிறது. கூட்டாட்சி அரசின் கல்வி நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் நிறுவனங்கள் மூன்று வருஷக் குற்றக் கணக்கை வருஷந்தோறும் வெளியிட வேண்டும். வளாகப் போலீஸோ காவல் பிரிவோ உள்ள நிறுவனங்கள் அன்றாடக் குற்றப் பதிவேட்டை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். ஆபத்து தொடர்கிறது என்றால் உடனே எச்சரிக்க வேண்டும். மறைத்தால் அபராதம்: 2024இல் லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலர்.

அப்படியும் 2014ஆம் வருஷத்துக்கு 91 சதவீதக் கல்லூரிகள் தங்கள் வளாகத்தில் ஒரு வல்லுறவும் பதிவாகவில்லை என்று கணக்குக் கொடுத்தன. சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே பூஜ்யம் அச்சில் இருக்கிறது. அதைக் காட்டி 'இது பொய்' என்று ஓர் அமைப்பு கேட்க முடிகிறது. இங்கே பொய்யைக்கூட நாம் பார்க்க முடிவதில்லை, கோப்புக்குள் இருக்கிறது.

5

இரண்டு மறுப்புகள் வரும். எண்ணிக்கை கேட்பது அரசின் கண்காணிப்பு மொழியை நாமே பேசுவது ஆகாதா என்று ஃபூக்கோ படித்த நண்பர்கள் கேட்பார்கள். கண்காணிப்பில் பார்க்கப்படுகிறவர் கீழே இருப்பார், பார்க்கிறவர் மேலே இருப்பார். பதிவேட்டைத் திறந்து வைக்கச் சொல்வது அந்தக் கோபுரத்தின் ஜன்னலைத் திருப்பி வைப்பது. துணைவேந்தரைப் பார்ப்பதற்கும் விடுதிப் பெண்ணைப் பார்ப்பதற்கும் ஒரே பெயர் வைக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஊர்ப் பெயரும் தேதியும் வெளியே வந்தால் அவளை ஊர் கண்டுபிடித்துவிடாதா? கண்டுபிடிக்கலாம். சின்னக் கல்லூரி, சின்ன ஊர், அவள் தலித் பெண்ணாக இருந்தால் பேச்சுக்கு இரட்டைக் கூலி. ஆகவே எதை எழுதுவது என்பதில் கவனம் வேண்டும்தான். ஆனால் இந்தக் கவலையை நிர்வாகம் எப்போது பேசுகிறது என்று கவனியுங்கள். 'மாணவியின் எதிர்காலம்' என்று சொல்லிக்கொண்டே நிறுவனத்தின் பெயரைத்தான் அது காக்கிறது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் கசிவை விசாரிக்கப் போனவர்கள் செய்தியாளர்களின் கைபேசிகளை எடுத்துக்கொண்டார்கள். 2025 பிப்ரவரியில் அவற்றைத் திருப்பித் தரச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

அகத்திணை மரபு இங்கே ஒரு வழி சொல்கிறது. அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது விதி. ஆனால் அதே பாட்டுக்குள் ஊர்ப் பெயர் வரும், அரசன் பெயர் வரும், அவன் போரிட்ட களம் வரும். ஆளை மறைத்து அதிகாரத்தைப் பெயர் சொல்லும் மரபு நம்முடையது. நமது முதல் தகவல் அறிக்கையும் செய்தியும் சுற்றறிக்கையும் அதைத் தலைகீழாக்கிவிட்டன. அவள் பெயர் வெளியே, அரசன் பெயர் உள்ளே.

ஆகவே ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் சிறுபத்திரிகைக்காரர்களும் கேட்க வேண்டியது இவை: ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வந்த புகார்களை, இடம், நாள், குற்ற வகை, குற்றம் சாட்டப்பட்டவர் மாணவரா ஆசிரியரா வெளியாளா, எத்தனை நாளில் என்ன முடிவு என்ற விவரங்களோடு வருஷந்தோறும் தமிழில் வெளியிட வேண்டும். புகார் கொடுத்தவரைக் காட்டும் எதுவும் அதில் இருக்கக் கூடாது. புகாரை எழுதும்போது கேட்ட கேள்வியையும் பதிவு செய்ய வேண்டும். பூஜ்யம் கொடுத்தவர்களிடம் காரணம் கேட்க வேண்டும். நம் பங்குக்கு, அடுத்த தடவை இப்படியொரு செய்தியை எழுதவோ பகிரவோ நேரும்போது எழுவாயை மாற்றிப் பார்ப்போம். 'மாணவி' என்று தொடங்குகிற வாக்கியத்தைத் துணைவேந்தரில் தொடங்கி எழுதினால் பயனிலை என்னவாக வருகிறது?