இணைப்பும் பெறுமதியும்: தேடுபொறிகளின் காலத்தில் அங்கீகாரம் பண்டமாகிய வரலாறு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தேடுபொறியின் முடிவுப் பட்டியலில் ஒரு பக்கம் முதலிடம் பெறுவதற்கும் பிறிதொன்று நூறாவது இடத்தில் மறைந்து கிடப்பதற்கும் காரணம் யாது என்ற வினா, கணினித் துறையினருக்கும் வணிகருக்கும் மாத்திரம் உரியதாகவே எம்மிடையே கருதப்பட்டு வந்துள்ளது. தமிழ்ச் சங்க வெளியீடொன்றில் அதனை ஆராய முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கவும் கூடும். ஆயினும், எமது மாணவர் ஒருவர் ஆய்வுக்குத் தகவல் தேடும்போது நூலக அட்டவணையிலும் பார்க்கத் தேடுபொறியையே முதலில் நாடுகிறார் என்பதை மறுப்பார் இலர். எது அறிவாக முன்னிற்கிறது, எது கண்ணிற் படாமலே போகிறது என்பதைத் தீர்மானிக்கும் பொறிமுறை, சமூக விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாக இருத்தல் இயலாது.

இத்துறையில் 'இணைப்புக் கட்டுதல்' எனப்படும் தொழிலொன்று வளர்ந்துள்ளது. ஓர் இணையத்தளத்தை நோக்கிப் பிற தளங்களிலிருந்து இணைப்புகளைப் பெற்றுக் கொடுத்து, தேடுபொறியின் மதிப்பீட்டில் அதனை உயர்த்துவதே அத்தொழிலின் நோக்கமாகும். சமூக ஊடகங்களின் வருகையோடு அது புதிய வடிவங்களையும் மேற்கொண்டுள்ளது. ஒரு சாரார் இதனைத் தொழில்நுட்பத் திறன் எனப் போற்றுவர். மற்றொரு சாரார், பெரும்பாலும் முற்போக்கு எண்ணங் கொண்டோர், ஏமாற்று வித்தை என ஒதுக்கிவிடுவர். இரு சாராரும் இணைப்பின் சமூகப் பண்பைக் காணத் தவறுகின்றனர் என்பதே எமது கருத்து. ஒரு மனித உறவு எவ்வாறு எண்ணிக்கையாகவும், அவ்வெண்ணிக்கை எவ்வாறு விலையாகவும் மாறியது என்பதை வரலாற்று நோக்கில் அணுகினாலன்றி இத்தொழிலை விளங்கிக்கொள்ள முடியாது.

இணைப்பை மதிப்பீட்டின் அளவுகோலாகக் கொள்ளும் எண்ணம் வணிகரிடத்துப் பிறந்ததன்று. அது எமது சொந்த வீட்டில், புலமை உலகில், பிறந்தது. விஞ்ஞானக் கட்டுரைகளை, அவற்றை மேற்கோள் காட்டும் பிற கட்டுரைகளின் வழியாக அட்டவணைப்படுத்தலாம் என்று இயூஜின் கார்ஃபீல்ட் 1955 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார். அவரது விஞ்ஞான மேற்கோள் சுட்டி 1964 இல் வெளிவந்தது. மேற்கோள்கள் யாவும் ஒரே நிறையுடையன அல்ல, செல்வாக்கு மிக்க சஞ்சிகை காட்டும் மேற்கோளுக்குக் கூடிய நிறை வழங்க வேண்டும் என்று பின்ஸ்கி, நரின் ஆகிய இருவரும் 1976 இல் ஒரு கணித முறையை வகுத்தனர். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த சேர்ஜி பிரின், லரி பேஜ் ஆகியோர் 1998 இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்த பேஜ்ராங்க் முறை இம்மரபின் நேரடி வாரிசாகும். ஒரு பக்கம் மற்றொன்றுக்குத் தரும் இணைப்பு அங்கே மேற்கோள் போலக் கணிக்கப்படுகிறது. தரும் பக்கம் தானே எவ்வளவு மதிப்புடையதோ அவ்வளவுக்கு அதன் இணைப்பும் மதிப்புப் பெறும். அது பலருக்கு இணைப்பு வழங்குமாயின் அம்மதிப்பு அவர்களிடையே பங்கிடப்படும்.

இம்முறையின் நுட்பத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதற்கு முந்திய தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்திலுள்ள சொற்களை நம்பின. வணிகரோ, வேண்டிய சொல்லை நூறு தடவை, பின்னணியின் நிறத்திலேயே, வாசகர் காணாதவாறு அச்சிட்டு வைத்தனர். தன்னைப் பற்றித் தானே கூறுவதைவிடப் பிறர் கூறுவதே சான்று என்ற கொள்கை இந்நிலையில் ஒரு முன்னேற்றமே. ஆயினும், ஏற்கெனவே புகழ் பெற்ற விஞ்ஞானிக்கே மேலும் புகழ் சேரும் என்று சமூகவியலாளர் றொபேட் மேர்ட்டன் 1968 இல் எடுத்துக்காட்டிய குறைபாடும் கூடவே வந்து சேர்ந்தது. புலமை உலகின் ஏற்றத்தாழ்வு கணித வாய்பாடாக எழுதப்பட்டு, உலகளாவிய பக்கங்கள் அனைத்துக்கும் பொதுவிதியாயிற்று.

அந்த 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையின் பின்னிணைப்பு தனியே கவனிக்கத்தக்கது. விளம்பர வருவாயில் தங்கியிருக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாய்ந்து, தேடுவோரின் தேவையிலிருந்து விலகும் என்றும், ஆகவே புலமை உலகின் எல்லைக்குள் வெளிப்படையான தேடுபொறியொன்று இருத்தல் அவசியம் என்றும் அதன் ஆசிரியர்கள் வாதிட்டனர். 2000 ஆம் ஆண்டில் அவர்களது கூகுள் நிறுவனமே விளம்பரம் விற்கத் தொடங்கியது. பேஜ்ராங்குக்கான காப்புரிமை 2001 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டது. அதன் பயன்பாட்டு உரிமத்துக்கு ஈடாகப் பெற்ற 18 இலட்சம் பங்குகளை அப்பல்கலைக்கழகம் 2005 ஆம் ஆண்டளவில் விற்று 33 கோடி 60 இலட்சம் டொலர் ஈட்டியது. அவ்வாய்வுக்கு அமெரிக்க அரசின் விஞ்ஞான நிதியும் உதவியிருந்தது என்பது இங்கு நினைவு கூரத்தக்கது. இதனைத் தனிமனிதரின் வாக்குப் பிறழ்வாகக் கண்டு திருப்தியடைதல் மேலோட்டமான விமர்சனமாகும். மூலதனம் எத்தகைய வருவாயைக் கோரிற்றோ அத்தகைய நிறுவனம் உருவாயிற்று. பின்னிணைப்பை எழுதியோர் அவ்விதியைச் சரியாகவே இனங்கண்டிருந்தனர்; அதிலிருந்து தாம் தப்ப முடியவில்லை.

இனி இணைப்பின் பெறுமதிக்கு வருவோம். ஒருவர் தாம் கற்றதை எங்கிருந்து கற்றார் என்று நன்றியுடன் சுட்டுவது அடிக்குறிப்பு. வாசகருக்கு வழிகாட்டுவதே அதன் பயன்பெறுமதி. தேடுபொறி அதனை எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து அதற்குப் பரிவர்த்தனைப் பெறுமதியும் ஏற்பட்டது. 2000 ஆம் ஆண்டில் கூகுள் தனது கருவிப்பட்டையில் ஒவ்வொரு பக்கத்தின் மதிப்பையும் பூச்சியம் முதல் பத்து வரை ஒரு சிறு பச்சைக் கோட்டாற் காட்டியது. அக்கோடு விரைவிலேயே விலைச்சீட்டாயிற்று. எட்டு மதிப்புடைய பக்கத்திலிருந்து இணைப்பு வேண்டுமாயின் ஒரு விலை, நான்காயின் இன்னொரு விலை. 2016 இல் அக்காட்சி முற்றாக நிறுத்தப்பட்டபோதும் சந்தை நிற்கவில்லை. வேறு நிறுவனங்கள் தத்தம் அளவைகளை ஆக்கி விற்றன. ஓர் அளவீட்டைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்த முனைந்தவுடன் அதன் நம்பகத்தன்மை குலைந்துவிடும் என்று பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட் 1975 இல் பணக் கொள்கை தொடர்பாகக் கூறியது இங்கு சாலவும் பொருந்தும்.

இச்சந்தையில் நடைபெறும் உழைப்பைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும், ஏனெனில் இத்தொழில் பற்றிய கையேடுகள் அதனை ஒருபோதும் உழைப்பு என்று அழைப்பதில்லை. கைவிடப்பட்ட தளங்களின் முகவரிகளை விலைக்கு வாங்கி, அவற்றுக்கு முன்னர் கிடைத்திருந்த மதிப்பைத் தம் வாடிக்கையாளருக்குத் திருப்புவர். நூலகர் ஒருவர் தொகுத்த வாசிப்புப் பட்டியலில் செயலிழந்த இணைப்பைத் தேடிக் கண்டுபிடித்து, அதனிடத்தில் தம் பக்கத்தை இடுமாறு பணிவான கடிதம் எழுதுவர். ஒரே கட்டுரையைச் சொல் மாற்றிச் சொல் மாற்றி நூறு தளங்களில் இடுவர். இவ்வேலையிற் பெரும்பகுதி இந்தியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் குறைந்த கூலிக்கு ஆங்கிலத்தில் எழுதுவோரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் எழுதுவதை எவரும் வாசிக்க வேண்டுமென்ற எதிர்பார்ப்பு ஒப்பந்தத்தில் இல்லை. இயந்திரம் எண்ணினாற் போதும். எழுத்தாளன் தன் எழுத்திலிருந்து அந்நியப்படுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

2011 பெப்ரவரியில் நியூயோர்க் ரைம்ஸ் வெளியிட்ட செய்தியொன்று இச்சந்தையின் அளவைப் பொதுமக்களுக்கு உணர்த்தியது. ஜே.சி.பென்னி என்ற பெரும் அமெரிக்க விற்பனை நிறுவனம் உடைகள், படுக்கை விரிப்புகள், கம்பளங்கள் முதலிய பல தேடல்களில் மாதக் கணக்கில் முதலிடத்தில் இருந்தது. அதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத, பல கைவிடப்பட்ட, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் அதனை நோக்கி இணைப்புத் தந்திருந்தமை அம்பலமாயிற்று. அந்நிறுவனம் தனக்கு இது தெரியாது என்றது. கூகுள் தண்டனை விதித்தது. ஒரு தேடலில் அது முதலாம் இடத்திலிருந்து இரண்டு மணித்தியாலங்களுள் 71 ஆம் இடத்துக்கு வீழ்ந்தது. செய்தியின் சுவை வீழ்ச்சியில் இருந்தது; எமக்கோ அதனிலும் முக்கியமானது, அவ்வீழ்ச்சியை நிகழ்த்தும் அதிகாரம் ஒரு தனியார் நிறுவனத்தின் கையில், மேன்முறையீடு செய்ய ஒரு பொதுமன்றும் இன்றி இருந்தது என்பதே. 2012 ஏப்ரலில் 'பென்குவின்' எனப் பெயரிடப்பட்ட மாற்றம் அதே அதிகாரத்தைத் தானியங்கியாக்கியது. நேற்றுவரை இணைப்புக்குப் பணம் கொடுத்தோர், அவற்றை அகற்றுமாறு மன்றாடத் தொடங்கினர். அகற்றுவதற்கும் கட்டணம் கேட்டோர் உண்டு.

விலை கொடுத்துப் பெற்ற இணைப்பு மோசடி என்கிறது கூகுளின் விதி. அதே பட்டியலின் உச்சியில் விலை கொடுத்துப் பெற்ற இடமோ சட்டபூர்வமான விளம்பரம். விளம்பரம் என்ற அடையாளம் இடப்படுகிறது என்ற வேறுபாட்டை நாம் ஏற்கிறோம். வாசகருக்கு அது பயனுடையதே. எனினும், முன்னிற்பதை விற்கும் உரிமை யாருக்கு என்ற வினாவை அவ்வேறுபாடு தீர்த்துவிடவில்லை. தேடற் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியது என ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி நீதிமன்றமொன்று 2024 ஓகஸ்ட்டில் தீர்ப்பளித்தமை, இவ்வினா விமர்சகரின் கற்பனையன்று என்பதற்குச் சான்றாகும்.

சமூக ஊடகங்கள் இவ்வரலாற்றில் எங்கே நிற்கின்றன? தேர்ச்சியற்றவரும் இணைப்பை எளிதிற் பகிரக்கூடிய வாய்ப்பை அவை அளித்தன என்பது உண்மை. முன்னர் தனக்கெனத் தளம் வைத்திருந்தவரே இணைப்புத் தர முடிந்தது. 2004 இல் தோன்றிய முகநூலும் 2006 இல் தோன்றிய ருவிற்றரும் கோடிக்கணக்கானோரைச் சுட்டுவோராக்கின. ஆனால் அவர்கள் சுட்டியவை அங்கீகாரமாக எண்ணப்பட்டனவா? 2005 இல் கூகுள், யாகூ, மைக்ரோசொஃப்ட் ஆகியன இணைந்து 'பின்தொடர வேண்டாம்' எனும் பொருள்தரும் குறியொன்றை அறிமுகஞ் செய்தன. அக்குறியிட்ட இணைப்பு வாசகரை அழைத்துச் செல்லும்; 2019 இல் கூகுள் அக்குறியை வெறும் குறிப்பாகக் கருதத் தொடங்கும்வரை அது மதிப்பைக் கடத்தவில்லை. குப்பை இணைப்புகளைத் தடுக்கவே அது வந்தது. பின்னர் சமூக ஊடகங்கள் தம் பயனர் இடும் இணைப்புகளுக்கு அதனை ஏற்றுக்கொண்டன. 2007 முதல் ஆங்கில விக்கிபீடியாவும் வெளியிணைப்புகளுக்கு அவ்வாறே செய்தது. இதன் விளைவு விசித்திரமானது. பொதுமக்கள் மனமுவந்து தரும் சான்று நிறையற்றதாயிற்று. தளமுடையோர் தரும் சான்று, அது வாங்கப்பட்டதாயினும் பிடிபடும்வரை, நிறையுடையதாக நீடித்தது. வாக்குரிமை சொத்துடையோருக்கு மட்டும் இருந்த காலத்தை இது நினைவூட்டுகிறது.

இதனால் இணைப்புத் தொழிலுக்குச் சமூக ஊடகம் பயனற்றதாகிவிடவில்லை. அங்கே பரவும் ஒன்றைக் காணும் பத்திரிகையாளரோ தளமுடையவரோ அதனைத் தம் பக்கத்தில் சுட்டும்போது நிறையுள்ள இணைப்புப் பிறக்கிறது. ஆகவே பரவச் செய்தலே தொழிலின் புதிய நுட்பமாயிற்று. சிரிக்கவோ சினக்கவோ வைக்கும் பண்டங்களை ஆக்கி, ஆயிரமாயிரம் பேரைக் கூலியின்றிப் பகிரச் செய்வது அதன் வழி. பகிர்பவர் தாம் நண்பரோடு உரையாடுவதாகவே எண்ணுகிறார்.

சமூக ஊடக நிறுவனங்களோ இப்போது இணைப்பையே விரும்புவதில்லை. வெளியே செல்லும் வாசகர் விளம்பரம் பார்க்கமாட்டார். செய்தி நிறுவனங்களுக்குப் பணம் செலுத்தக் கோரிய சட்டத்தை எதிர்த்து, 2023 ஓகஸ்ட்டில் மெற்றா நிறுவனம் கனடாவில் முகநூலிலிருந்து செய்தி இணைப்புகளை அகற்றத் தொடங்கியது. காட்டுத்தீ பரவி மக்கள் ஊர்விட்டு வெளியேறிய அதே மாதத்திலும் அத்தடை தளரவில்லை. ருவிற்றர் எக்ஸ் எனப் பெயர் மாறிய பின், பதிவில் விளக்கத்தை மட்டும் எழுதி இணைப்பை மறுமொழியில் இடுமாறு அதன் உரிமையாளர் ஈலோன் மஸ்க் 2024 நவம்பரில் கூறினார். பொதுமேய்ச்சல் நிலத்துக்கு வேலியிட்ட பழைய ஆங்கில நிலவுடைமையாளர்கூட வழிப்பாதையை இவ்வளவு வெளிப்படையாக மறித்தார்களோ என்பது ஐயமே.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். இணைப்பு முன்னொரு காலத்தில் தூயதாக இருந்தது என நாம் கற்பனை செய்கிறோமா? அல்ல. ஆரம்பத்திலிருந்தே அது ஆங்கில உலகின், அதிலும் அமெரிக்க நிறுவனங்களின் அங்கீகாரமாகவே பெரிதும் இருந்தது. எமது நிலைமை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஈழத்துத் தமிழ் ஆய்வுச் சஞ்சிகைகளின் பக்கங்கள் அடிக்குறிப்புகளால் நிறைந்தவை. தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த வாதப் பிரதிவாதங்கள் அவற்றிலே பதிவாகியுள்ளன. 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தின் உழைப்பால் அவற்றுட் பல இன்று திரையில் வாசிக்கக் கிடைக்கின்றன. ஆயினும் அச்சுப் பக்கத்தின் நிழற்படத்தில் உள்ள அடிக்குறிப்பு எந்த இயந்திரத்தின் கணக்கிலும் இணைப்பாகச் சேர்வதில்லை. பாமினி எழுத்துருவில் தட்டெழுதி நேரே ஏற்றப்பட்ட பழைய பக்கங்களோ, இயந்திரத்துக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைகளாகவே தோன்றின. நாம் ஒருவரையொருவர் அங்கீகரித்தே வந்திருக்கிறோம். அந்த அங்கீகாரம் எண்ணப்படாத வடிவில் இருந்தது.

இந்நிலையில் எமது பல்கலைக்கழகங்களே அவ்வெண்ணிக்கையின் பின்னால் ஓடத் தலைப்பட்டமை கவலைக்குரியது. ஸ்பானிய அரச ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த ஆய்வுகூடமொன்று 2004 இல் தொடங்கிய வெபோமெற்றிக்ஸ் தரவரிசை, பல்லாண்டுகளாகத் தன் மொத்தப் புள்ளிகளிற் பாதியை வெளித்தளங்களிலிருந்து வரும் இணைப்புகளுக்கே வழங்கியது. அத்தரவரிசையில் தாம் பெற்ற இடத்தை இலங்கைப் பல்கலைக்கழகங்களும் பெருமையுடன் அறிவித்து வந்துள்ளன. எமது துறைப் பக்கங்களைத் திறந்து பார்ப்போர், விரிவுரையாளரின் நிழற்படத்தையும் பட்டங்களின் பட்டியலையும் காண்பர். அவர் எழுதிய கட்டுரைக்கோ, அக்கட்டுரை மறுத்த கட்டுரைக்கோ செல்லும் வழியைப் பெரும்பாலும் காணார். பிறர் எம்மைச் சுட்ட வேண்டும் என விரும்பும் நாம், எம்மவரைச் சுட்டுவதற்கு ஒரு வரி எழுதும் பழக்கத்தைத் திரைக்கு மாறியபோது கைவிட்டுவிட்டோம்.

இணைப்பு வணிகர் இதனை எம்மிலும் நன்கு அறிவர். பல்கலைக்கழகப் பக்கமொன்றின் இணைப்பு சந்தையில் உயர்ந்த விலை பெறும் என்ற நம்பிக்கையால், சிறு தொகையொன்றைப் புலமைப்பரிசிலாக அறிவித்து, அவ்வறிவித்தலை மாணவர் நலப் பக்கத்தில் இணைப்போடு இடுமாறு வேண்டுவது அமெரிக்காவில் நெடுங்காலம் நிலவிய உத்தியாகும். பரிசில் வழங்குவது எதை விற்கும் நிறுவனம் என்று விசாரியாமலே பல பல்கலைக்கழகங்கள் அவற்றைப் பட்டியலிட்டன. அப்பட்டியல்களில் மெத்தை விற்போரும் கடன் தருவோரும் அறிவின் புரவலராக வரிசையில் நின்றனர். அதே பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் வேறொரு பக்கத்தில், எவராலும் சுட்டப்படாமற் கிடந்தன.