சுபமும் சொச்சமும்: ஷேக்ஸ்பியரின் ‘குளிர்காலக் கதை’

ஆங்கில நாடகம் என்றால் நம்மில் பலருக்கும் ஹாம்லெட், மாக்பெத், ஒரு ‘வெனிஸ் வர்த்தகன்’. பாடப்புத்தகத்தில் வந்ததோடு சரி. துன்பியல் என்றால் கடைசிக் காட்சியில் பிணம் விழும், இன்பியல் என்றால் கல்யாணம் நடக்கும் என்று பரீட்சை எழுதி, மறந்தும் போனோம். இந்த இரண்டிலும் அடங்காத ஒரு வகை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மேடையைப் பிடித்துக் கொண்டது. காதலும் சந்தேகமும் கொலையின் விளிம்பு வரை போய்த் திரும்பி, பிரிந்தவர் கூடிச் சுபமாக முடியும் நாடகம். தமிழில் துன்ப-இன்பியல் என்று சொல்லி வைப்போம். நம் பம்மல் சம்பந்த முதலியார் ‘சிம்ஹளநாதன்’ என்று தமிழுக்குக் கொண்டு வந்த ‘சிம்பலின்’ இந்த வகைதான்.

இதற்கு நல்ல பெயர் கிடையாது. அழவிட்டுப் பிறகு மிட்டாய் கொடுத்து அனுப்புகிற வேலை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சுபம் போட்ட பிறகும் கணக்கில் ஏதோ சொச்சம் நிற்கிறது. அதை யார் தலையில் கட்டுகிறார்கள், கட்டியது நாடகத்துக்கே தெரிகிறதா என்று பார்த்தால்தான் தரம் புரியும்.

இந்த வகைக்கு ஆங்கிலத்தில் இலக்கணம் சொன்னவர் ஜான் ஃபிளெச்சர். 1608-ஐ ஒட்டி அவர் எழுதிய ‘உண்மையுள்ள இடைப்பெண்’ மேடையில் படுத்துவிட்டது. அச்சிடும்போது வாசகருக்கு ஒரு விளக்கம் சேர்த்தார். சிரிப்பையும் கொலையையும் கலந்தால் மட்டும் இந்த வகை ஆகிவிடாது. சாவு இருக்கக் கூடாது, ஆனால் சிலரையாவது அதன் பக்கத்தில் கொண்டு போக வேண்டும் என்றார். இத்தாலிய குவாரினியிடம் கற்ற பாடம் இது. அடுத்து பியூமாண்ட்டோடு சேர்ந்து எழுதிய ‘ஃபிலாஸ்டர்’ (சுமார் 1609, அச்சில் 1620) அந்த விதிப்படி எழுதி வென்ற நாடகம். பறிகொடுத்த சிசிலி அரியணைக்கு உரியவன் ஃபிலாஸ்டர். அவன் காதலிக்கும் இளவரசி அரெத்யூசா. இருவருக்கும் நடுவே தூது போகும் சிறுவன் பெல்லாரியோ. இளவரசிக்கும் சிறுவனுக்கும் தொடர்பு என்று ஒரு பொய்ப்பழி கிளம்ப, ஃபிலாஸ்டர் காட்டில் அவளை வாளால் காயப்படுத்துகிறான். தூங்கிக்கொண்டிருந்த சிறுவனையும்தான். யாரும் சாகவில்லை. கடைசியில் பெல்லாரியோ பையனே இல்லை, யூஃப்ரேஷியா என்ற பெண் என்று தெரிகிறது. பழி தீர்ந்தது, கல்யாணம் ஆயிற்று.

யூஃப்ரேஷியா? ஃபிலாஸ்டர் மேல் வைத்த காதலுக்காகத்தான் அவள் ஆண் வேடம் பூண்டாள். கல்யாணமே வேண்டாம், உங்கள் இருவருக்கும் ஊழியம் செய்து கிடக்கிறேன் என்கிறாள். இளவரசியும் பெருந்தன்மையாகச் சரி என்கிறாள். அவ்வளவுதான். அந்தப் பெண் மேல் ஏற்றிய பாரத்தை நாடகம் நின்று பார்ப்பதில்லை. கெட்டிக்காரத்தனமான நாடகம், ஆனால் கைகழுவிக்கொண்டு போய்விடுகிறது.

‘குளிர்காலக் கதை’யை 1611 மே 15 அன்று குளோப் அரங்கில் பார்த்ததாக சைமன் ஃபோர்மன் என்ற சோதிடர் குறித்து வைத்திருக்கிறார். (அவர் மனத்தில் நின்றது திருடன் ஆட்டோலிகஸ், சிலை உயிர்பெறும் காட்சியைப் பற்றி மூச்சே இல்லை!) ராபர்ட் கிரீன் 1588-இல் எழுதிய ‘பண்டோஸ்டோ’தான் மூலக்கதை. அதில் பொறாமைக்கார அரசனின் மனைவி நிஜமாகவே சாகிறாள், மகன் சாகிறான், கடைசியில் அரசனும் தற்கொலை செய்துகொள்கிறான். ஷேக்ஸ்பியர் அரசியைப் பிழைக்க வைத்தார், அரசனையும் காப்பாற்றினார். சரி, இரக்கம் என்று விடலாம். ஆனால் பையனை மட்டும் சாகவே விட்டார். போதாததற்கு மூலத்தில் இல்லாத ஆன்டிகோனஸைப் புதிதாகப் படைத்து, குழந்தையைக் காட்டில் விடச் சொல்லி அனுப்பி, கரடிக்கு இரையாக்கினார். ஃபிளெச்சரின் விதி தெரியாமலா?

பையன் பெயர் மாமில்லியஸ். அம்மாவுக்குக் கதை சொல்ல உட்காருகிறான். குளிர்காலத்துக்குச் சோகக் கதைதான் ஏற்றது என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி, இடுகாட்டுப் பக்கத்தில் குடியிருந்த ஒருவனைப் பற்றி ஆரம்பிக்கிறான். அந்த நேரம் பார்த்து அப்பன் லியான்டீஸ் ஆட்களோடு நுழைந்து, அவனை அம்மாவிடமிருந்து பிடுங்கி அனுப்புகிறான். கதை முடியவில்லை, பையனை நாம் மறுபடி பார்ப்பதும் இல்லை. தாய்க்கு விசாரணை நடக்கும்போது செத்துப் போனான் என்று செய்தி மட்டும் வருகிறது. நாடகத்தின் பெயரே அந்த அரைகுறைக் கதையிலிருந்து வந்ததுதான்.

பதினாறு வருஷம் கழித்துச் சிலைக்காட்சி. இறந்ததாக எல்லோரும் நம்பிய அரசி ஹெர்மியோனியின் சிலையைப் பாலினா திறந்து காட்டுகிறாள். என் மனைவிக்கு இத்தனை சுருக்கம் இருந்ததில்லையே என்கிறான் லியான்டீஸ். எனக்கு இந்தக் காட்சியின் உயிரே அந்தச் சுருக்கம்தான். போன வருஷங்கள் போனவைதான். சிலை இறங்கி வந்து கணவனைத் தழுவுகிறது. ஆனால் மூலப் பாடத்தைப் புரட்டிப் பாருங்கள், அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசுவது திரும்பக் கிடைத்த மகள் பெர்டிட்டாவிடம் மட்டும். மாமில்லியஸ் பெயரை அந்தக் காட்சியில் யாரும் எடுப்பதில்லை. சற்று முன்னால் பாலினா ஜாடையாகச் சொன்னதற்கே, பேசும்போதெல்லாம் அவன் மறுபடி சாகிறான், நிறுத்து என்று லியான்டீஸ் கெஞ்சியிருக்கிறான். பாலினா, கரடி தின்ற அந்த ஆன்டிகோனஸின் மனைவி. தெய்வ வாக்கு பலித்த மகிழ்ச்சியில் ஒரு கண் நிமிர்ந்தும், புருஷன் போன துக்கத்தில் ஒரு கண் தாழ்ந்தும் அவள் நின்றதாக ஒருவர் வர்ணிக்கிறார். இந்த வகைக்கு இதைவிட நல்ல இலக்கணம் ஃபிளெச்சரிடமும் இல்லை.

இந்தக் காலத்துத் தயாரிப்புகள் சிலவற்றில் மாமில்லியஸாக நடித்தவரையே பெர்டிட்டாவாகவும் நடிக்க வைக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பையன் எப்படியோ திரும்பிவிட்டான் என்று ஆறுதல் சொல்கிற வேலை அது. ஷேக்ஸ்பியர் கொடுக்காத ஆறுதலை நாம் எதற்குக் கொடுக்க வேண்டும்?

1612 நவம்பர் 6 அன்று இங்கிலாந்தின் பட்டத்து இளவரசன் ஹென்றி 18 வயதில் இறந்தான். 1613 பிப்ரவரி 14 அன்று அவன் தங்கை எலிசபெத்துக்குக் கல்யாணம். அந்தக் குளிர்காலத்தில் மணமக்கள் முன்னால் அரண்மனையில் நடிக்கப்பட்ட நாடகங்களின் பட்டியலில் ‘ஃபிலாஸ்டர்’ இருக்கிறது, ‘குளிர்காலக் கதை’யும் இருக்கிறது.