டப்பாவோடு போய்விடும் எச்சரிக்கை

2024 நவம்பரில், தாம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள குன்றத்தூரில் ஒரே வீட்டின் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். எலித் தொல்லைக்காகப் பூச்சி ஒழிப்பு ஆட்களை வரவழைத்து மருந்து வைத்திருந்தார்கள். ஏசி ஓடிய அறையில் அதன் நெடியைச் சுவாசித்ததே காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. நச்சுப் பொருள்களின் மேல் ஒட்டும் எச்சரிக்கைச் சீட்டு யாருக்காக என்ற கேள்வியை அந்த மரணங்கள் எழுப்பின.

சீட்டு நல்ல ஏற்பாடுதான். பூச்சிமருந்து டப்பாவில் காணும் சாய்சதுரத்தை 1971ஆம் ஆண்டு விதிகள் கட்டாயமாக்கின. கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று படிப்படியாக இறங்கும். சிவப்போடு மண்டையோடும் எலும்புகளும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளியும் அதைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுப்பார். ஐம்பது ஆண்டுகளில் இது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

ஆனால் அந்த நிறத்தை முடிவு செய்வது எது? வாய்வழியாகவோ தோல்வழியாகவோ எவ்வளவு உள்ளே போனால் சோதனை விலங்குகளில் பாதி சாகும் என்ற அளவு. வாய்வழி என்றால், உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை சிவப்பு. 5,000ஐத் தாண்டினால் பச்சை. மூச்சுவழி இந்தக் கணக்கில் இல்லை. பூட்டிய அறையில் படுத்துறங்கும் குழந்தைக்கு நிறம் எதையும் சொல்லாது.

நிறங்களே குழப்பவும் செய்கின்றன. பிஸ்கட் பாக்கெட்டின் பச்சைப் புள்ளியைப் பார்த்துப் பழகிய கண், பூச்சிமருந்தின் பச்சையையும் ‘பரவாயில்லை’ என்றே எடுத்துக்கொள்கிறது. மஞ்சளோ, சிவப்புக்கு அடுத்த கடும் நஞ்சு. இதற்கு மேல், 2003இல் ஐ.நா. வெளியிட்ட, இரசாயனச் சீட்டுகளுக்கான உலகப் பொதுமுறையின் சாய்சதுரங்களுக்கெல்லாம் சிவப்புக் கரை. அங்கே சிவப்பு கடுமையைக் குறிப்பதில்லை. இரண்டு முறைகளையும் ஒரே கிடங்கில் பார்க்கும் தொழிலாளி எதை நம்புவார்?

ஜி.எஸ்.டி. சாலையில் போகும் பெட்ரோல் லாரியின் பலகையில் 1203 என்ற எண்ணும் 3ஒய்ஈ என்ற குறியும் இருக்கும். 3 என்றால் நுரையால் அணைக்க வேண்டும் என்று தீயணைப்பு வீரருக்குத் தெரியும். அவரைப் பொறுத்தவரை இது அருமையான முறை. கடைசி எழுத்தான ஈ, சுற்றியிருப்பவர்களை வெளியேற்றுவதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. அந்த மக்களுக்கு மட்டும் அதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, சீட்டு டப்பாவோடு நின்றுவிடுவது. மூன்று சக்கர வண்டியில் தெருத்தெருவாக வரும் கழிவறை ஆசிட் பழைய தண்ணீர் பாட்டிலில் இருக்கிறது. பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் அது குளோரின் வாயுவைக் கக்கும் என்பதை அந்த பாட்டில் எப்படிச் சொல்லும்? பூச்சி ஒழிப்பு ஆட்களும் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். வீட்டில் தங்குவது மருந்து மட்டுமே.

பூச்சிமருந்தோடு வட்டார மொழியிலும் அச்சிட்ட விளக்கத்தாளை வைக்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதியில் உள்ளது. அந்தத் தாளை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, எந்த அறையை எத்தனை மணிநேரம் பூட்டி வைப்பது, யார் உள்ளே போகக் கூடாது என்று தமிழில் எழுதிக் கையெழுத்திடாமல் மருந்து வைக்க யாருக்கும் அனுமதி தரக் கூடாது.